தொண்டை இளகிய பிறகு

அவள் நிறுத்தினாள். முனகல் நிற்கவில்லை.

அதிக நேரமில்லை, ஒரு கண் சிமிட்டும் அளவுதான். உதடுகளை லேசாக ஒட்டிவைத்து, மூக்கின் இரண்டு பக்கமும் குறுகுறுக்கும் வரை 'ம்ம்ம்' என்று இழுக்க வேண்டும். மூச்சு தீரும் இடத்தில் விட்டுவிட வேண்டும். ஐந்து எண்ணிவிட்டு மறுபடி. அப்படி நாலாவது தடவை இழுத்து விட்டு, உதடு பிரிந்து, அவள் மூச்சை உள்ளே வாங்கத் தொடங்கிய பிறகும் அந்த 'ம்ம்ம்' கொஞ்ச தூரம் தனியாகப் போய், பிறகுதான் அடங்கியது.

ஃப்ரிட்ஜாக இருக்கும் என்று நினைத்தாள். பிற்பகல் மூன்றரை மணி. மூன்றாவது மாடி. வேலைக்குப் போனவர்கள் வேலையில் இருந்தார்கள், பள்ளிக்குப் போன பிள்ளைகள் இன்னும் வரவில்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல அந்தக் கட்டடம் முழுக்கக் காலியாக இருந்தது. சுவருக்குள் எங்கோ குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம், தரை துடைத்த மருந்தின் வாசனை, காற்றில்லாமல் தொங்கும் திரைச்சீலை. எழுந்துபோய் ஃப்ரிட்ஜின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஐந்தாவது தடவை ஒன்றுமில்லை. ஆறாவது தடவை அது மறுபடி மிஞ்சியது.

இந்தத் தடவை இன்னொன்றையும் கவனித்தாள். அந்த ஹாலில் திரை இருக்கிறது, சோபா இருக்கிறது, மெத்தை விரித்த கட்டில் பக்கத்து அறையில் இருக்கிறது. எந்தச் சத்தமும் பஞ்சில் விழுந்தது போல அமுங்கித்தான் போகும். மிஞ்சிய முனகல் அப்படி அமுங்கவில்லை. டைல்ஸ் பதித்த சின்ன அறைக்குள் யாரோ முனகினால் எப்படி நாலு பக்கமும் பட்டுத் திரும்புமோ, அப்படி இருந்தது.

சும்மா இருக்கிறவளுக்குச் சுவர்கூடப் பேசும் என்று தன்னையே கேலி செய்துகொண்டு, செல்போனில் ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்தி, அதைக் குரல் பயிற்சி தரும் தெரபிஸ்டுக்கு அனுப்பினாள்.

அவளுக்கு வேலையிடத்தில் 'ரேடியோ' என்று பெயர். அவசர உதவி மையத்தில், ஆம்புலன்ஸ் கேட்டுக் கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்லும் இருக்கையில் பதினேழு வருஷம். பதற்றத்தில் கத்துகிறவனும் அவள் ரெண்டு வார்த்தை பேசினால் அடங்கிவிடுவான். "நம்ம ரேடியோ பேசினா, செத்தவன்கூட எழுந்து உட்கார்ந்து அட்ரஸ் சொல்லிட்டுத்தான் படுப்பான்" என்பார் சூப்பர்வைசர். அந்தக் குரல்தான் எட்டு மாதத்துக்கு முன்னால் இறுகிப்போனது. முதலில் சளி என்று நினைத்தாள். பிறகு ஒவ்வொரு வார்த்தையையும் ஊசித்துளையில் கயிற்றை இழுப்பது போல இழுக்க வேண்டியதாயிற்று. சாயங்காலத்துக்குள் கழுத்தும் தாடையும் வலித்துக் கல்லாகிவிடும். தொண்டை டாக்டர் மூக்கு வழியாகக் கேமரா விட்டுத் திரையில் காட்டினார். வெள்ளையாக இரண்டு நாண்கள். ஒரு புண் இல்லை, ஒரு கட்டி இல்லை.

"குரல்நாண்ல ஒரு குறையும் இல்லம்மா. சுத்தியிருக்கிற தசைதான் இறுக்கிப் பிடிச்சிருக்கு. முஷ்டியை மடக்கிட்டு எழுதப் பார்த்தா எழுத்து வருமா? அது மாதிரி. பயிற்சி பண்ணிப் பண்ணி இளக்கணும்."

மையத்தில் அவளை ஆவண அறைக்கு மாற்றி, பிற்பகல் இரண்டு மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குரல் போனால் வேறு என்னவெல்லாம் போகும் என்று அவள் அதுவரை யோசித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசும் தம்பி, "பேச உனக்குக் கஷ்டமா இருக்கும்க்கா, மெசேஜ் பண்றேன்" என்றான். மெசேஜும் மெல்லக் குறைந்தது. அவள் கிசுகிசுத்தால் எதிராளியும் கிசுகிசுத்தார். கடைக்காரர் மட்டும், அவளுக்குக் காது கேட்காது என்று முடிவுகட்டியவர் போலச் சத்தம் போட்டுப் பேசினார். விரலால் காட்டிச் சாமான் வாங்கப் பழகினாள். சில நாள் காலையிலிருந்து இரவு வரை ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை.

தெரபிஸ்ட் சின்னப் பெண். தலைமுடியை ரப்பர் பேண்டால் தூக்கிக் கட்டியிருப்பாள். அவள் விரல்கள் எப்போதும் சில்லென்று இருக்கும். கழுத்தைத் தொடுவதற்கு முன் டீ டம்ளரைப் பிடித்துச் சூடுபண்ணிக்கொள்வாள். முதல் நாளே கேட்டாள்: "இது ஆரம்பிச்ச சமயத்துல ஏதாவது நடந்துச்சாக்கா? வீட்டுல, வேலையில, மனசு பாதிக்கிற மாதிரி?"

அவள் தலையை ஆட்டினாள். ஒண்ணும் இல்ல.

தெரபிஸ்ட் வற்புறுத்தவில்லை. தண்ணீர் டம்ளரில் ஸ்ட்ராவை விட்டுக் குமிழி வர ஊதியபடியே குரல் எழுப்பச் சொன்னாள். கொட்டாவி விடுவது போல வாயைத் திறந்து பெருமூச்சோடு 'ஹா' சொல்லச் சொன்னாள். முனகச் சொன்னாள். தினமும் பதிவு செய்து அனுப்பச் சொன்னாள்.

மூன்றாவது வாரம், ஹெட்போனைக் காதில் மாட்டிப் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்த தெரபிஸ்ட் ஒரு பக்கத்தை மட்டும் விலக்கினாள். "வீட்டுல யாராவது சேர்ந்து பண்றாங்களாக்கா?"

"தனியாத்தான்."

"ரெண்டு குரல் மாதிரி இருக்கு. பயப்படாதீங்க, நாண் ரெண்டும் வேற வேற வேகத்துல அதிர்ந்தா ஒரே தொண்டையில ரெண்டு சுருதி வரும். இளக ஆரம்பிச்சிருக்கு, அவ்வளவுதான்." திரும்ப மாட்டிக்கொண்டு, திரும்ப விலக்கினாள். "ஆனா பாத்ரூம்ல ரெக்கார்ட் பண்ணாதீங்க. எக்கோ அடிக்குது. குழாய் வேற சொட்டுது. ஹால்ல உட்கார்ந்து பண்ணுங்க."

ஹாலில்தான் பண்ணுகிறேன் என்று அவள் சொல்லவில்லை. ஒரே தொண்டையில் இரண்டு சுருதி என்ற விளக்கத்தைச் சில்லறை போல உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, குளியலறைக் குழாயை முறுக்கிப் பார்த்தாள். சொட்டவில்லை. தரை காய்ந்திருந்தது.

அடுத்த வாரம் தெரபிஸ்ட் அவளை நாற்காலியில் சாய்த்து, பின்னால் நின்று, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் குரல்வளையின் இரண்டு பக்கமும் வைத்து மெல்ல மெல்லக் கீழே இழுத்துப் பிசைந்தாள். தாடையைத் தொங்க விடச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டாள் அவள். வெளியே தெருவில் ஒரு வண்டி பின்னால் எடுக்கும் பீப் சத்தம். மேலே மின்விசிறியின் கிரீச். தன் கழுத்துக்குள், ஈரத்தில் முடிச்சு விழுந்து மாதக்கணக்காக அவிழாமல் கிடந்த கயிறு ஒன்று ஒரு புரி, இன்னொரு புரி என்று தளர்வது. சுகமாக இருந்தது. எட்டு மாதத்தில் முதல் சுகம்.

விரல்கள் நின்றன.

"என்னக்கா கேட்டீங்க?"

"நான் பேசலையே."

"இல்ல, விரலுக்கடியில அதிர்ந்துச்சு. 'கேக்குதா'ன்னீங்க." தெரபிஸ்ட் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையை எடுத்துத் துண்டில் துடைத்தாள். அன்றைக்கு மறுபடி அவள் கழுத்தைத் தொடவில்லை.

வீட்டுக்கு நடந்து வந்தாள். பேருந்து இருந்தும் ஏறவில்லை. கேக்குதா. அந்த வார்த்தையை அவளிடம் யார் கேட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

எட்டு மாதத்துக்கு முன், இதே பிற்பகல் நேரம். குளியலறையில் வழுக்கி விழுந்த ஓர் அம்மாள் கூப்பிட்டாள். இடுப்பை அசைக்க முடியவில்லை. உள்ளே தாழ்ப்பாள். பாட்டுக் கேட்க எடுத்துவந்த செல்போன் மட்டும் கையில் இருக்கிறது. குடிவந்து நாலு நாள்தான் ஆகிறது, தனியாள், தெருப் பெயர் சொன்னாள், வீட்டு எண் தடுமாறியது. ஆம்புலன்ஸ் போன தெருவில் அப்படி ஒரு வீடே இல்லை. அதே பெயரில் இன்னொரு தெரு ஊரின் மறுகோடியில் இருந்தது, அங்கேயும் தேடினார்கள். நாற்பது நிமிஷம் அவள் அந்த அம்மாளோடு பேசிக்கொண்டே இருந்தாள். "பேசுங்கம்மா, யாராவது பேசினா வலி தெரியல" என்றாள் அந்த அம்மாள். பின்னால் குழாய் சொட்டியது. டைல்ஸ் சுவரில் பட்டுக் குரல் திரும்பித் திரும்பி வந்தது. கடைசியில் பேச்சு போய், மூச்சு மட்டும், மூச்சுக்கு நடுவே, "கேக்குதா?" கொஞ்சம் கழித்து, "கேக்குதா?"

பதினேழு வருஷத்தில் அவள் ஒரு அழைப்பையும் தானாக வைத்ததில்லை. நாற்பத்தோராவது நிமிஷம் அவள் விரல் அழைப்பைத் துண்டிக்கும் பொத்தானை அழுத்தியது. பதினோரு பேர் காத்திருக்கிறார்கள் என்று திரை மினுக்கியது நிஜம்தான். ஆனால் அதற்காக வைக்கவில்லை. அந்த மூச்சை இன்னும் ஒரு தடவை கேட்க முடியவில்லை, அதனால் வைத்தாள். 'எதிர்முனை துண்டித்தது' என்று பதிந்தாள். மூன்றாம் நாள் ஆம்புலன்ஸ் டிரைவர் வந்து சொன்னார்: "அந்த பாத்ரூம் அம்மா கிடைச்சாங்க. போனைக் காதுலயே ஒட்டி வச்சிருந்தாங்க." எல்லாரும் 'உச்' கொட்டினார்கள். அவளும் கொட்டினாள். அன்று சாயங்காலம் தொண்டை கட்டத் தொடங்கியது.

பயிற்சியை நிறுத்தினாள். ஸ்ட்ராவைக் குப்பையில் போட்டாள்.

இரண்டு நாள் கழித்துக் கடையில் வழக்கம் போல மஞ்சள் சோப்பைக் காட்டி விரலை நீட்டினாள்.

"அது இல்லீங்க. பச்சை."

கடைக்காரர் மலர்ந்து போனார். "அட, குரல் வந்துடுச்சே! நல்லா கணீர்னு இருக்கே!"

கணீரென்று இல்லை. மெல்லியதாக, மரியாதையாக, கொஞ்சம் வயதானதாக இருந்தது. அவள் வாயைத் திறந்ததாகவே அவளுக்கு நினைவில்லை. பச்சை சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று மாடியும் படியேறினாள். ஒவ்வொரு படியிலும் தொண்டையை இறுக்கப் பார்த்தாள். பல்லைக் கடித்தாள், தோளைக் காது வரை தூக்கினாள், எச்சிலை விழுங்கிப் பாதியில் நிறுத்திப் பார்த்தாள். எட்டு மாதம் கல்லாக இருந்த தசை, பழந்துணி போலத் தளர்ந்து கிடந்தது. இத்தனை நாளும் அது நோயில் இறுகியிருக்கவில்லை, கதவை முட்டுக்கொடுத்துப் பிடித்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. காசு கொடுத்து, நாள் பார்த்து, அந்தப் பிடியைத் தானே விடுவித்துக்கொண்டிருக்கிறாள்.

கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழிட்டபோது செல்போன் அதிர்ந்தது. தெரபிஸ்டின் குரல் செய்தி. "அக்கா, நேத்து அனுப்பின ரெக்கார்டிங் முழுசா கேட்டேன். என்ன சொல்றதுன்னே தெரியல, அவ்வளவு அருமை! இறுக்கமே இல்ல. அடுத்த வாரமே உங்களைப் பழைய சீட்டுக்கு அனுப்பலாம்னு எழுதிடறேன். யார்கூட அவ்வளவு நேரம் பேசினீங்க? உங்க அம்மாவா?"

அவள் நேற்று எதையும் அனுப்பவில்லை.

பதிவு இருந்தது. நேற்று பிற்பகல், அவள் சோபாவில் கண்ணயர்ந்த நேரம். நாற்பத்து மூன்று நிமிஷம். ஓடவிட்டாள். அந்த அம்மாளின் குரல் நிதானமாகப் பேசியது: புது வீட்டில் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, பால்காரன் எத்தனை மணிக்கு வருகிறான். பேசிவிட்டு நிறுத்தியது, எதிராளி பதில் சொல்ல இடம் விடுவது போல. அந்த இடைவெளியில் குழாய் சொட்டியது. பிறகு சிரித்தது. பிறகு, "ஆமாமா, நீங்க சொல்றது சரிதான்" என்றது.

அணைத்தாள். தம்பியைக் கூப்பிடலாம்; கூப்பிட்டால் யார் பேசுவார்கள்?

கடைசியில் சாப்பாட்டு மேஜை முன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல யாருமில்லாத ஒரு மேஜை. மூச்சை வயிற்றிலிருந்து எடுத்தாள்.

"நான்தான் வச்சேன்."

அவள் குரல். ரேடியோவின் குரல், கனிந்து, நிறைந்து, எட்டு மாதத்துக்குப் பிறகு. அதைக் கேட்டதுமே கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"லைன் கட்டாகலை. நான்தான் வச்சேன். பயமா இருந்துச்சு. மன்னிச்சிடுங்கம்மா."

ஜன்னலில் வெயில் சாய்ந்து தரையில் நீண்டிருந்தது. கழுத்தில் எந்த அசைவும் இல்லை. ஒரு நிமிஷம் போயிற்று. இன்னொரு நிமிஷம். கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். முடிந்துவிட்டது என்று நினைத்தாள். அவ்வளவுதானா, இதைச் சொல்லத்தானா இத்தனையும் என்று சிரிப்புகூட வந்தது.

"தெரியும்மா."

அவள் உதடு அசையவில்லை.

"டொக்குன்னு சத்தம் கேட்டுச்சு. பரவால்ல. வேலை நேரம், பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க." எங்கோ குழாயில் ஒரு சொட்டு. "இப்ப வேலை ஒண்ணும் இல்லையே?"

பேசத் தொடங்கியது.

அவசரமில்லாமல், வாஞ்சையாக, வெகுநாள் கழித்துப் பார்த்த சொந்தக்காரியிடம் பேசுவது போல. வாயை மூடினாள். மூடிய வாய்க்குள்ளிருந்து பேசியது. கையால் பொத்தினாள். விரலிடுக்கில் பேசியது. அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. பேச மூச்சு வேண்டும். அது அவளுடைய மூச்சு. வெளியே போகும் காற்றெல்லாம் அதற்கு. உள்ளே வருவதற்கு நேரமே கிடைக்கவில்லை. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே ஒரு சிட்டிகை. அவ்வளவுதான்.

எழுந்தாள். நாற்காலி விழுந்தது. கதவு வரை ஆறு அடி.

நாலு அடி நடந்தாள்.

முழங்கால் மடங்கியது. கண்ணோரம் கறுத்தது. தவழ்ந்தாள்.

அழைப்பு மணி அடித்தது.

"அக்கா?" கீழ்வீட்டு டீச்சர். பள்ளி விட்டு வந்துவிட்டாள். "ஏதோ விழுந்த மாதிரி சத்தம் கேட்டுச்சே? ஒண்ணும் இல்லையே?"

இருக்கு. திற. உடைச்சுத் திற. வாய் அந்த வடிவங்களைச் செய்தது. குரல் வேறு எதையோ சொல்லிச் சிரித்தது.

"ஓ, விருந்தாளி வந்திருக்காங்களா!" கதவுக்கு அந்தப் பக்கம் டீச்சர் சிரித்தாள். மனசார. "பேசுங்க, பேசுங்க. உங்க வீட்டுல பேச்சுச் சத்தம் கேட்டு எத்தனை நாளாச்சு! நான் அப்புறம் வர்றேன்க்கா."

செருப்புச் சத்தம். ஒரு படி. இன்னொரு படி. கீழே ஒரு கதவு திறந்தது. மூடியது.

தாழ்ப்பாள் மேலே இருந்தது. கை பாதி தூரம் எழும்பியது. விழுந்தது.

தரை சில்லென்று கன்னத்தில் ஒட்டியது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நாக்கு அசையவில்லை. ஜன்னல் வெளிச்சம் மெல்ல மெல்ல வற்றிக்கொண்டிருந்த அந்த ஹாலில், அவளுக்குள்ளிருந்து அந்த அம்மாள், தன் மகன் மூணு வயசு வரைக்கும் வாயே திறக்காமல் இருந்து வீட்டையே கலங்கடித்த கதையை, நடுநடுவே சிரித்துச் சிரித்து, சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.